அந்த 7 மில்லிமீட்டர்: ஹெட்செட் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தலையில் மாட்டிக்கொண்டு மெய்நிகர் உலகைப் பார்க்கும் ஹெட்செட்டுகளின் வடிவமைப்பாளர்களுக்கு,

வணக்கம். என் இரு கண்மணிகளுக்கும் இடையே 56 மில்லிமீட்டர். உங்களில் ஒருவரிடமிருந்து போன மாதம் வாங்கிய ஹெட்செட்டில் லென்ஸ்கள் 63 மில்லிமீட்டர் இடைவெளியில் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. அந்த 7 மில்லிமீட்டர் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. வலது கண்ணுக்குச் சரியாக நகர்த்தினால் இடது கண்ணில் எழுத்து கலங்குகிறது. இடது கண்ணைக் கவனித்தால் வலது. நடுவில் வைத்தால் இரண்டும் அரைகுறை. பத்தாவது நிமிடம் புருவங்களுக்கு நடுவே வலி. இருபதாவது நிமிடம் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

புகார் எழுதினேன். பழகப் பழகச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. மண்டை ஓடு பழகுமா? மென்பொருளில் கண்தூரத்தை, அதாவது கண்மணிகளுக்கு இடையேயான தூரத்தை, மாற்றிக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அது திரையில் படத்தை நகர்த்தும், லென்ஸை நகர்த்தாது.

1968-இல் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் செய்த, தலையில் மாட்டும் திரைக் கருவியைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. ஆரம்ப முயற்சி, குறை சொல்ல மாட்டேன். 1995-இல் வந்த நின்டெண்டோவின் வர்ச்சுவல் பாய் விளையாட்டுக் கருவி, சிவப்பைத் தவிர வேறு நிறம் காட்டாதது. விற்பனையில் படுத்தே போனது. அதில்கூடக் கண்தூரத்துக்கு ஒரு திருகு இருந்தது! 2016-இல் வந்த ஆக்குலஸ் ரிஃப்ட் ஹெட்செட்டிலும் லென்ஸ்களை நகர்த்த முடிந்தது. சாதாரண பைனாகுலருக்கு நடுவே கீல் வைப்பதும் இதற்குத்தான். செலவைக் குறைக்க வேண்டுமென்றதும் உங்கள் கண்ணில் முதலில் பட்டது எங்கள் கண்தானா?

ஒவ்வோர் அறிமுக விழாவிலும் பிக்சல் கணக்கு பெருகுகிறது. அரைக் கிலோ எடை நெற்றியிலும் கன்னத்திலும் அழுந்துவதைப் பற்றி மேடையில் ஒரு சொல் இல்லை. மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் கண்ணாடியிலா ஹெட்செட்டிலா, எந்த லென்ஸில் முதலில் கீறல் விழும் என்று பந்தயம் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். உங்கள் சோதனைக் கூடத்தில் எல்லோருக்கும் ஒரே தலை போலிருக்கிறது.

மன்னிக்கவும், கேட்க வந்தது ஒன்றே ஒன்று. பெரியவர்களில் பெரும்பாலோரின் கண்தூரம் 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அந்த வரம்பு முழுவதும் லென்ஸ்கள் கையால் நகரும்படி செய்யுங்கள். விலை குறைந்த மாடலிலும் செய்யுங்கள். அதுவரை, எந்தக் கண்தூரத்துக்குப் பொருந்தும் என்பதைப் பெட்டியின் வெளிப்புறத்தில் அச்சிட்டு உதவுங்கள். செருப்புப் பெட்டியிலேயே அளவு போட்டிருக்கிறது.

இப்படிக்கு,
56 மில்லிமீட்டர் வாடிக்கையாளர்