ஆத்தங்குடிப் பையன் ஊருக்கு வந்திருக்கிறான்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம். அப்பச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நடைதான் குறைந்துவிட்டது. இதோடு தேன்குழலும் மாவுருண்டையும் அனுப்பியிருக்கிறேன். மாவுருண்டையை முதலில் சாப்பிட்டுவிடு, தேன்குழல் இருக்கும். வேளைக்குச் சாப்பிடு.

போனில் சொல்லியிருக்கலாம்தான். நீ கல்லூரியில் ஒரு வகுப்பு எடுத்து முடித்து அடுத்த வகுப்புக்குப் போகிற வழியில் போனை எடுக்கிறாய், "சரிம்மா, அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடுகிறாய். பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து அப்பச்சியிடம் மட்டும்தான் பேசுகிறாய். ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை.

பிளஸ் டூ பரீட்சை நெருங்கிவிட்டது. சாயங்காலம் முகப்பு நிறையப் பிள்ளைகள். புதுவயல், பள்ளத்தூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். கணக்கு சொல்லிக்கொடுப்பதைவிட இந்த வருஷம் காகிதம் சரிபார்க்கிற வேலைதான் பெரிதாக இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு டி.சி.யில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறு, பாங்க் பாஸ்புக்கில் அப்பா பெயரே வேறு மாதிரி. இப்படியே விட்டால், கல்லூரியில் சேர்ந்த பிறகு புதுமைப் பெண் திட்டத்தில் அரசு தருகிற மாதம் 1000 ரூபாய் எங்கே வந்து சேரும்? அந்த ஆயிரம்தான் அவளுக்குப் பஸ்ஸும் ஜெராக்ஸும். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாம் இப்போதே இ-சேவையில் போட்டுவிடுங்கள், மே மாதம் வி.ஏ.ஓ. ஆபீசில் நிற்காதீர்கள் என்று தினமும் சொல்கிறேன். தினமும் சொன்னால்தான் பாதிப் பேராவது போடுகிறார்கள்.

புரோக்கர்களும் வர ஆரம்பித்துவிட்டார்கள். ரிசல்ட் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து, சீட் உறுதி என்று சொல்லி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரிஜினலைக் கேட்கிறார்கள். வாங்கிப் போய்விட்டால் பிள்ளை வேறு கல்லூரியில் சேர முடியாமல் மாட்டிக்கொள்ளும். கல்லூரிகள் ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே சொல்லிவிட்டது. கூலி வேலைக்குப் போய் வருகிற அப்பாவுக்கு அதை யார் சொல்வது? கவுன்சலிங்குக்கு நீங்களே போங்கள், எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்திப் போடுகிற சாய்ஸ் ஃபில்லிங்கை பிரவுசிங் சென்டர்காரரிடம் விடாதீர்கள், இங்கே வந்து உட்கார்ந்து போடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெயர் பெற்ற கல்லூரி என்பதற்காகப் பிடிக்காத பிரிவைப் போட்டுவிட்டு, பிறகு நாலு வருஷம் அழுகிற பிள்ளைகளை நீயும் பார்த்திருப்பாய்.

இவ்வளவும் எழுதுவது எதற்கு என்று உனக்குத் தெரியும்.

உன்னை நம்பி நான் உன் கல்லூரிக்கு அனுப்பிவைத்த ஆத்தங்குடிப் பையன் ஊரில் இருக்கிறான். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததிலிருந்து இங்கேதான். கணக்கிலும் பிசிக்ஸிலும் அரியர். அவன் அப்பா வேலை பார்க்கிற தரைக்கல் பட்டறையிலேயே இவனும் கண்ணாடி மேல் கலர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். நான் போய்ப் பார்த்தேன். எழுந்து நின்றான், கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிளஸ் டூ கணக்கில் அவன் எடுத்த மார்க் உனக்கும் தெரியும். மெட்ரிக்ஸும் கால்குலஸும் அவனுக்குத் தெரியாத கணக்கு இல்லை. தமிழில் போட்ட கணக்கை இங்கிலீஷில் கேட்டபோது கேள்வி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை என்றான். பக்கத்தில் இருக்கிறவனிடம் கேட்கக் கூச்சம். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவன் என்று ஹாஸ்டலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அந்த ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியலுக்கும் சட்டத்துக்கும் வேளாண்மைக்கும் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குச் சீட்டும் கொடுத்து, படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே கட்டுகிறது. நான் வேலையில் இருந்த காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகளை அனுப்பியிருப்பேன் என்று நினைக்காத நாளில்லை. ஆனால் அரசாங்கம் பிள்ளையை வகுப்பு வாசல் வரைதான் கொண்டுவந்து விடும். உள்ளே இருப்பது நீ.

அவன் அப்பா ஒன்று சொன்னார். "டீச்சரம்மா, கல்லை ஊற்றி எடுத்தவுடனே தரையில பதிச்சிட மாட்டோம். தண்ணியில போட்டு வைக்கணும், இல்லேன்னா வெடிச்சிடும். இவனை ஊற வைக்காம அனுப்பிட்டோமோ?" நான் பதில் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் கோயம்புத்தூர் என்று கேட்டதும் பயந்தது. சார் இருக்கிறார் என்று நான் சொன்னதால்தான் அனுப்பினார்கள். என் மகன் கல்லூரியில் வாத்தியார் என்று நான் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது உனக்குத் தெரியும். இன்னும் சொல்வேன்.

நீ கெட்டிக்காரன். இல்லை என்று யாரும் சொல்லவில்லை. நீ படித்தது அழகப்பச் செட்டியார் 1952-ல் தொடங்கிய கல்லூரி, வீட்டிலிருந்து சைக்கிள் மிதித்தால் போய்விடலாம். மத்தியானம் வந்து சூடாகச் சாப்பிட்டுவிட்டுப் போவாய். கணக்கில் சந்தேகம் என்றால் நான் இருந்தேன், ரெக்கார்டு நோட்டு தீர்ந்தால் அப்பச்சி இருந்தார்கள். முதல் வருஷம் உனக்கும் ஒரு பேப்பர் இழுத்தது. அப்பத்தா உன்னைத் திட்டவில்லை, நானும் திட்டவில்லை, அடுத்த தடவை எழுதினாய். அந்தப் பையனுக்கு அரியர் என்றால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. படிப்பே முடிந்தது என்று நினைத்துப் பஸ் ஏறிவிட்டான்.

ஒரு நாள் உன் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தானாம். நீ யாருடனோ பேசிக்கொண்டிருந்தாயாம். கதவுப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன், சார் பார்க்கவில்லை என்றான். நீ பார்க்கவில்லை என்பதை நான் நம்புகிறேன். உனக்கு வேலை அதிகம், அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கக்கூட உங்களைத்தான் அனுப்புகிறார்கள் என்று அப்பச்சி சொன்னார்கள். இருந்தாலும் தம்பி, அந்தப் பிள்ளைகள் கதவைத் தட்ட மாட்டார்கள். நீதான் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அறுபது பேர் வகுப்பில் யார் கடைசி வரிசையில் உட்கார்ந்து பேனாவை மூடி மூடித் திறக்கிறான் என்று பார். முதல் இன்டர்னல் மார்க் வந்த அன்றைக்கே கூப்பிடு, செமஸ்டர் ரிசல்ட் வரட்டும் என்று இருக்காதே. சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை சார் என்பார்கள். ஒரு கணக்கைக் கொடுத்து என் முன்னால் போடு என்று சொல், எங்கே நிற்கிறான் என்று தெரிந்துவிடும். சாப்பிட்டாயா என்று கேள். மாதம் ஆயிரம் ஏறுகிறதா என்று கேள், புதுமைப் பெண் மாதிரி பையன்களுக்கு வருகிற தமிழ்ப் புதல்வன் பணம் இவனுக்கு இன்னும் ஒரு தடவைகூட வரவில்லை, ஆதாரோடு அக்கவுண்டு இணையவில்லை என்று இப்போதுதான் தெரிந்தது. நேற்று பாங்குக்கு அழைத்துப் போய் அதைச் சரிசெய்துவிட்டேன். பேர் சொல்லிக் கூப்பிடு, அது போதும் முதலில்.

அவனை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பஸ் ஏற்றி விடுகிறேன். வர மாட்டேன் என்றான், பிறகு சார் திட்டுவாரா என்று கேட்டான். திட்ட மாட்டார் என்று சொல்லியிருக்கிறேன். விடிகாலையில் சிங்காநல்லூரில் இறங்குவான், நீ போய் நில். நேராக ஹெச்.ஓ.டி.யிடம் அழைத்துப் போ, அவனைத் தனியாக அனுப்பாதே. வருகை 75 சதவீதம் வேண்டும், இப்போதே உட்கார்ந்தால் எட்டிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், இன்னும் ஒரு வாரம் தள்ளினால் முடியாது. ஹாஸ்டலில் ரூம் மாற்றிக் கொடுக்க முடியுமா என்று கேள். அரியர் பரீட்சைக்கு ஃபீஸ் கட்டுகிற கடைசித் தேதியை நீயே பார்த்துச் சொல். வாரத்தில் ஒரு சாயங்காலம் கணக்குக்கு உன் அறைக்கு வரச் சொல், அவன் மாதிரி வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று அவனிடமே கேள், அவர்களையும் வரச் சொல்.

அன்புடன்,
அம்மா