பந்தலுக்கு இருவர் சிபிஆர் கற்றுக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் முதலுதவித் தொண்டூழியராக நிற்பது என் வழக்கம். ஜாலான் உத்தாமா தொடங்கி ஜாலான் கெபுன் பூங்கா வரை நம்மவர்கள் போடும் தண்ணீர்ப்பந்தல்களைப் பார்க்கப் பெருமையாக இருக்கும். யார் வந்தாலும் சாப்பாடு, மோர், பானகம். அந்தப் பந்தல்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: சிபிஆர், அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவியில், பயிற்சி பெற்ற இருவராவது எந்த நேரமும் பந்தலில் இருக்க வேண்டும்.

இதயம் நின்றுவிட்டால் நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கும். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், செம்பிறைச் சங்கம், பொதுத் தற்காப்புப் படை எல்லாரும் தயாராகத்தான் இருக்கிறார்கள். ஆனால் காவடிக் கூட்டத்துக்கு நடுவே ஸ்ட்ரெச்சரோடு வந்து சேர்வதற்குள் அந்த நிமிடங்கள் போய்விடும். பந்தல்காரர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கையில் ஒலிபெருக்கி வேறு இருக்கிறது. பாட்டை நிறுத்திக் கூட்டத்தை விலகச் சொல்லலாம்; அவசர உதவி எண் 999-ஐ அழைத்து எந்தப் பந்தல், எதிரே என்ன இருக்கிறது என்று தெளிவாகச் சொல்லலாம்.

மூச்சுப்பேச்சில்லாமல் கிடப்பவரின் மார்பு நடுவில் குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். அதனால்தான் இருவர் என்கிறேன்.

தெரியாமல் செய்யும் உதவியும் ஆபத்தாகிவிடுகிறது. மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். இரும்பால் வலிப்பு நிற்காது. தலை அடிபடாமல் பார்த்துக்கொண்டு, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும். விரதத்தில் சர்க்கரை இறங்கித் தள்ளாடுபவர் நினைவோடு இருந்து, விழுங்கவும் முடிந்தால், பந்தலில் இருக்கும் பானகமே மருந்து.

பயிற்சிக்குப் பெண்களும் கண்டிப்பாக வர வேண்டும். விழுந்து கிடப்பவர் பெண் என்றால் மார்பில் கைவைக்க ஆண்கள் தயங்கி நிற்கிறார்கள். உயிர் போகும் நேரத்தில் அந்தத் தயக்கம் யாருக்குமே கூடாது, ஆனாலும் அது இருக்கத்தான் செய்கிறது.

அரிசி, நாற்காலி, கூடாரம் என்று பட்டியல் போடும் முதல் கூட்டத்திலேயே பயிற்சிக்குப் போகிறவர்களின் பெயரையும் எழுதிவிடுங்கள். ஆள் சேர்ந்தால் சரி, சொல்லிக்கொடுக்க எங்களைப் போன்றவர்கள் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வருவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு