பனிமலை முகாமுக்கு ஆள் சேர்ப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூரிலிருந்து ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்கு, ஸ்னோஷூ நடையும் (பனியில் புதையாமலிருக்கக் காலணியின் அடியில் அகலமான சட்டத்தை மாட்டி நடப்பது) கூடார முகாமும் நடத்தும் சுற்றுலா நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கடந்த பருவத்தில் கூடாரத்தில் குளிர் தாங்காமல் அந்த இரவு எப்படிக் கழிந்தது என்பது உங்களுக்குத் தெரியும். புகார்கள் வந்தன, நீங்களும் வருத்தம் தெரிவித்தீர்கள். அதை மறுபடி கிளறவில்லை. ஆனால் அடுத்த பருவத்துக்கு நீங்கள் அனுப்பியிருக்கும் பொருள் பட்டியலில் ஒரு வரிகூட மாறவில்லையே! "மைனஸ் 15 டிகிரி ஸ்லீப்பிங் பேக் வழங்கப்படும்" என்று அதே வாசகம்.

அந்த 15 எந்த 15? ஸ்லீப்பிங் பேக் எனும் தூங்கும் பைகளுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 23537. அதன்படி சோதித்த பைக்கு, எந்தக் குளிர்வரை தாங்கும் என்பதற்கு கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று மூன்று அளவுகள் உண்டு. குளிர் தெரியாமல் கைகால் தளர்த்தித் தூங்க முடிவது கம்ஃபர்ட். உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஒருவாறு சமாளிப்பது லிமிட். எக்ஸ்ட்ரீம் என்றால் ஆறு மணி நேரம் உயிர் தங்கும், விரல்கள் உறைந்துபோகக்கூடும் என்று பொருள். நீங்கள் கொடுத்த பையின் உள்தையலில் இருந்த சீட்டில் எக்ஸ்ட்ரீம் மைனஸ் 15, கம்ஃபர்ட் பிளஸ் 5. கேமரன் மலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் ஹொக்கைடோவின் டைசெட்சுசான் மலையில் ஜனவரி இரவு மைனஸ் 15க்கும் கீழே இறங்கும். கம்ஃபர்ட் எண்ணைப் பட்டியலில் எழுதுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

பை மட்டும் சரியாக இருந்தாலும் போதாது. படுத்ததும் முதுகுக்குக் கீழே உள்ள பஞ்சு நசுங்கிவிடும். நசுங்கிய பஞ்சு சூட்டைப் பிடிக்காது. அந்த இடத்தில் பாய்தான் காப்பு. பாய் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதைச் சொல்லும் எண் ஆர்-வேல்யூ; பனித்தரைக்கு அது குறைந்தது 5 வேண்டும். ஆர்-வேல்யூ 2 உள்ள ஃபோம் பாயை அடியில் விரித்து, 3க்கு மேல் உள்ள காற்றுப் பாயை அதன்மேல் போட்டால் இரண்டும் கூடிக்கொள்ளும். காற்றுப் பாய் ஓட்டையானாலும் ஃபோம் காப்பாற்றும். நீங்கள் ஆளுக்கு ஒரு மெல்லிய ஃபோம் பாய் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறீர்கள்.

குளிர் தாங்காதவர்கள் என்ன செய்வார்கள்? கூடாரத்துக்குள் அடுப்பைப் பற்றவைப்பார்கள். மூடிய கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஒரு மோசமான பை இங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

அடுப்பும் பிரச்சினைதான். நம் வீட்டில் மேசையிலேயே கொதிக்கவைத்துச் சாப்பிடும் ஸ்டீம்போட்டுக்குப் போடும் நீளமான கேஸ் டின்னில் இருப்பது பியூட்டேன். மைனஸ் அரை டிகிரிக்குக் கீழே அது ஆவியாகாது, சுடர் செத்துவிடும். ஐசோபியூட்டேன், புரொப்பேன் கலந்த மலையேற்ற கேஸ் வேண்டும். விமானத்தில் கேஸ் ஏற்ற முடியாது என்பதால் அங்கே வாங்கித் தருவது உங்கள் வேலை. குடிநீருக்கே பனியை உருக்க வேண்டும் என்பதால் வழக்கமான அளவைப்போல் இரண்டு மடங்காவது வாங்குங்கள்.

ஸ்னோஷூவை ஆளின் எடையோடு முதுகுப்பையின் எடையையும் கூட்டித் தேர்ந்தெடுக்க வேண்டும். 80 கிலோ ஆளும் 15 கிலோ பையும் 95 கிலோ. காலணி அளவை மட்டும் கேட்டு அனுப்பினால் முழங்கால்வரை புதைவார்கள்.

இந்த ஊரில் பனியைப் படம் காட்டி விற்பது சுலபமாகிவிட்டது. பனியையே பார்த்திராதவர்கள், போனஸ் பணத்தை எடுத்துவைத்து உங்களை நம்பி வருகிறார்கள். எது தெரியாது என்பதே தெரியாதவர்களிடம் "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை. முன்பணத்துக்குக் கெடு வைக்கத் தெரிகிறது, பையின் சீட்டைப் படிக்க நேரமில்லையா?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பயணம் நின்றுபோக வேண்டும் என்பது எங்கள் எண்ணமில்லை. அடுத்த முன்பணம் வாங்குவதற்கு முன், பையின் கம்ஃபர்ட் எண், பாய்களின் ஆர்-வேல்யூ, கேஸ் வகை மூன்றையும் எழுத்தில் குறித்துத் திருத்திய பட்டியலைப் பதிவு செய்த அனைவருக்கும் அனுப்பிவையுங்கள் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கோலாலம்பூர் மலையேற்ற நண்பர்கள் சிலர்