நாற்காலி அப்புறம், கண்ணு

அன்புள்ள கண்ணு,

நம் தையல் யூனிட்டில் வேலை செய்பவர்களின் உடம்பு நோகாமலிருக்க என்னென்ன மாற்றலாம் என்று நீ அனுப்பிய பட்டியலை முழுக்கப் படித்தேன். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 132 குறிப்புகளில் பலவற்றுக்குத் திருப்பூரில் இருக்கும் வெல்டிங் பட்டறையும் பழைய பிளைவுட்டும் போதும். ஆனால் நீ கூடச் சேர்த்து அனுப்பிய ஹைட்ராலிக் நாற்காலியின் விலையைப் பார்த்து அம்மா சிரித்துவிட்டாள். ஒன்று 6,000 ரூபாய் என்றால் பத்து தையல் மெஷினுக்கு 60,000. சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் போட்டாயிற்று. நமக்கு ஜாப் ஒர்க், அதாவது கூலிக்குத் தைக்கும் வேலை, கொடுக்கும் இடத்தில் மூன்று மாதம் இழுக்கிறார்கள். அதனால் நாற்காலி அப்புறம். முதலில் ஸ்பேனரை எடுத்தோம்.

மெஷின் ஸ்டாண்டின் கால்களில் உயரம் மாற்ற போல்ட் இருக்கிறதல்லவா? வாங்கிய அன்று மெக்கானிக் எல்லாவற்றையும் ஒரே அளவில் முறுக்கியதோடு சரி. துணி ஓரத்தைப் பின்னும் ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அக்கா குள்ளம். மேஜை அவர் முழங்கைக்கு மேலே நின்றது. நாள் முழுக்கத் தோளைத் தூக்கியபடியே தைப்பார், சாயங்காலமானால் கழுத்துக்குத் தைலம். இரண்டு அங்குலம் இறக்கினோம். மேஜை இறங்கினால் பெடல் கம்பியையும் அதற்குத் தக்கபடி குறைக்க வேண்டும், இல்லையென்றால் கால் வைக்கும் கோணமே மாறிவிடும். மடிப்பைத் தட்டையாகத் தைக்கும் பிளாட்லாக் மெஷின் தம்பி நெட்டை. ஊசியைப் பார்க்கக் குனிந்தே கிடப்பான். அவனுக்கு மேஜையை ஏற்றி, ஊசிக்குப் பக்கத்தில் சின்ன எல்இடி விளக்கும் வைத்தாயிற்று.

அடுத்தது கட்டிங் கட்டுகள், தைக்க வெட்டி வைத்த துணிகள். தரையில் சாக்கை விரித்துத்தானே போடுவோம்? டெய்லர் ஒவ்வொரு முறையும் இடது பக்கம் திரும்பிக் குனிந்து எடுக்க வேண்டும். இப்போது உடைந்த ஸ்டூல் கால்களில் பிளைவுட் தட்டு அடித்து, மெஷின் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்திருக்கிறோம். கட்டு கைக்கே வருகிறது. டெய்லருக்குக் கூடமாட உதவும் கைமடிப் பெண்ணுக்கும் இடுப்பு தப்பித்தது.

உன் பட்டியலில் இல்லாத ஒன்று சொல்கிறேன். இவர்களுக்கு பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி. உயரம் மாறினால் கை பழக ஓரிரு நாள் ஆகும், பீஸ் குறையும், சனிக்கிழமை சம்பளம் குறையும். முதுகு வலித்தாலும் பரவாயில்லை, பழையபடியே இருக்கட்டும் என்றுதான் சொல்வார்கள். சோம்பலோ அறியாமையோ இல்லை, அது கணக்கு. அதனால் அந்த வாரம் போன வாரச் சம்பளத்துக்குக் குறையாமல் தருகிறேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் அந்த அக்காவே "இன்னும் அரை அங்குலம் இறக்குங்க அண்ணா" என்றார். கம்பெனிகளில் எந்திரத்தை அளப்பதற்கு முன்னால் நீ சம்பளக் கணக்கைக் கேள்.

தைத்ததைச் சரிபார்த்துப் பிசிறு வெட்டும் செக்கிங்கில் வேறு கதை. 2021-ல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் வந்ததே, அதைச் சொல்லி உயரமான ஸ்டூல் வாங்கிப் போட்டேன். யாரும் உட்காரவில்லை. என் தலையைப் பார்த்தால் எழுந்துவிடுவார்கள். நானே ஒன்றில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பிசிறு வெட்டினேன். அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உட்காருகிறார்கள்.

அயர்ன் டேபிள்தான் பாக்கி. அயர்ன் மாஸ்டருக்கு மணிக்கட்டு வீங்குகிறது. ஸ்டீம் அயர்னின் பாரத்தை மேலே ஸ்பிரிங் பேலன்ஸரில் தொங்கவிட்டால் கை லேசாகுமா? நம் கூரை தகடு, நடுவில் ஒரு சி-சேனல் இரும்புச் சட்டம் ஓடுகிறது. டேபிள் உயரம் 34 அங்குலம், மாஸ்டர் ஐந்தே முக்கால் அடி. படம் வரைந்து அனுப்பு. பொங்கலுக்கு முன்னால் மாட்டிவிடலாம்.

அன்புடன்,
அப்பா