உன் மாமியாரின் உதிரப்போக்கைப் பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நேற்று தொலைபேசியில் பேச்சோடு பேச்சாக, "அத்தைக்கு நாலைந்து நாளாக லேசாகத் தீட்டுப் படுகிறதாம், உடம்புச் சூடுதான் என்கிறார்கள்" என்று சொல்லிவிட்டு நீ வேறு விஷயத்துக்குப் போய்விட்டாய். எனக்கு இரவெல்லாம் அதே நினைவாக இருந்தது. உன் மாமியாருக்கு மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சூடு என்று சொல்லிக் காத்திருக்கிற காரியம் இல்லை இது.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு 51 வயதில் மாதவிடாய் நின்றது. 57ஆவது வயதில் ஒரு நாள் காலையில், உள்பாவாடையில் ஒரு நாணயம் அளவுக்குப் பழுப்பு நிறக் கறையைப் பார்த்தேன். சிவப்பாக இல்லையே, இது உதிரமாக இருக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அதை யார் கண்ணிலும் படாமல் அலசி, வேறொரு துணிக்கு அடியில் காயப் போட்டேன். நீ அப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாய். உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்து மறுபடியும் பட்ட பிறகுதான் மருத்துவரிடம் போனேன். "முதல் தடவையே ஏன் வரவில்லை?" என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த மூன்று வாரத்தை உன் மாமியாரும் கடத்திவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. அதற்குப் பிறகு ஒரு துளி பட்டாலும், ஒரே ஒரு முறை பட்டாலும், நிறம் சிவப்போ பழுப்போ இளஞ்சிவப்போ, காரணம் என்னவென்று பார்த்தே ஆக வேண்டும். இப்படி உதிரம் படும் பெண்கள் 100 பேரில் ஏறக்குறைய 90 பேருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஆகவே உன் மாமியாரைப் பயமுறுத்தாதே. ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வந்த பெண்களைக் கேட்டால், 100 பேரில் சுமார் 90 பேருக்கு இந்த உதிரப்போக்குதான் முதலில் தெரிந்த அடையாளமாக இருந்திருக்கும். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்தே மனத்தில் வைத்துக்கொள்.

பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைந்துபோவதால் பிறப்புறுப்பின் சுவரும் கருப்பையின் உட்சவ்வும் மெலிந்து, வறண்டு, சிறிய உரசலுக்கே கசியும். அதற்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பே பல நேரங்களில் போதும். சிலருக்குப் பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சி இருக்கும். கருப்பை வாயில் புண்ணோ தொற்றோ, அரிதாக அங்கேயே புற்றுநோயோ இருக்கலாம். ஹார்மோன் மாத்திரையும், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரையும்கூட உதிரத்தை வரவழைக்கும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதுதான் காரணம் என்று தாங்களே முடிவு செய்துவிடக் கூடாது. அவர்களுக்கும் சோதனை அவசியம். சிறுநீரிலோ மலத்திலோ வந்த இரத்தத்தைக்கூடச் சிலர் மாற்றி நினைத்துக்கொள்வது உண்டு.

என்னைக் கவலைப்பட வைத்தது வேறொன்று. உன் மாமியாருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, உடலும் பருமன். மாதவிடாய் நின்ற பிறகும் உடலின் கொழுப்புத் திசு கொஞ்சம் ஈஸ்ட்ரோஜனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். அதைச் சமன் செய்யும் புரோஜெஸ்டிரோன் என்கிற இன்னொரு ஹார்மோன் அப்போது சுரக்காது. தடுக்க ஆளில்லாமல் உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும், நாளடைவில் சிலருக்கு அந்தத் தடிப்பே புற்றுநோயாக மாறும். பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இந்த வாய்ப்பு கூடுதல் என்பதால்தான் நாள் கடத்தாதே என்கிறேன்.

மருத்துவர் முதலில் கேள்வி கேட்பார்: எப்போது நின்றது, எத்தனை முறை பட்டது, என்னென்ன மாத்திரை, குடும்பத்தில் கருப்பைப் புற்றுநோயோ பெருங்குடல் புற்றுநோயோ யாருக்காவது உண்டா என்று. தேதிகளை ஒரு தாளில் குறித்து, மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போ. பிறகு உள்பரிசோதனை செய்து கருப்பை வாயைப் பார்ப்பார். அடுத்தது பிறப்புறுப்பின் வழியாகச் செய்யும் ஸ்கேன். இதற்குத்தான் உன் மாமியார் மிகவும் கூச்சப்படுவார்கள், நானும் கூசினேன். விரல் பருமனுள்ள கருவியை மெல்ல உள்ளே வைத்துப் பார்க்கிறார்கள், சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. அறிக்கையில் உட்சவ்வின் தடிமனைப் பார். அது 4 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 100இல் ஒன்றுக்கும் கீழ். ஆனாலும் உதிரம் மறுபடி பட்டால், "போன தடவை மெலிதாகத்தானே இருந்தது" என்று விட்டுவிடக் கூடாது, திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

எனக்கு 9 மில்லிமீட்டர் இருந்தது. மயக்க மருந்து இல்லாமலே, உறிஞ்சு குழல் போன்ற மெல்லிய குழாயைக் கருப்பை வாய் வழியாகச் செலுத்தித் துளித் திசு எடுத்தார்கள். மாதவிடாய் நாள்களில் வருவதுபோல அடிவயிறு சுருட்டிப் பிடித்தது, பிறகு விட்டுவிட்டது. பயாப்சி என்கிற அந்தத் திசுச் சோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்தும் மருத்துவர் அதோடு நிறுத்தவில்லை. அந்தக் குழாய் கண்ணால் பார்த்து எடுப்பதில்லை, பாலிப்பைத் தவறவிடலாம் என்றார். பிறகு கருப்பைக்குள் மெல்லிய கேமராவைச் செலுத்திப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபி செய்து, உள்ளே இருந்த பாலிப்பைப் பார்த்தபடியே எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அதுவும் சாதாரணமானதுதான். முடிவு வரும்வரை நான் பட்ட பாட்டை மட்டும் உனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒருவேளை உட்சவ்வில் தடிப்பு என்று வந்தால், செல்கள் இயல்பு மாறாத நிலையில் புரோஜெஸ்டிரோன் வகை மருந்திலேயே சரியாகிவிட வாய்ப்பு உண்டு; மாறியிருந்தால் பெரும்பாலும் கருப்பையை எடுத்துவிடச் சொல்வார்கள். புற்றுநோயே ஆனாலும், கருப்பையைத் தாண்டாத கட்டத்தில் பிடித்துவிட்டால் 100 பேரில் 90 பேருக்கு மேல் ஐந்தாண்டுகளைத் தாண்டி வாழ்கிறார்கள்.

மருமகளிடம் இதைப் பேச அவர்கள் தயங்கலாம், மகனிடம் சொல்லவே மாட்டார்கள். நாளை மாலை தொலைபேசியை அவர்கள் கையில் கொடு. நான் கறையை ஒளித்து வைத்த கதையை நானே சொல்கிறேன். இந்த வாரத்துக்குள் மருத்துவரிடம் நேரம் வாங்கிவிடு; அறைக்குள்ளும் நீ அவர்களோடு இரு. ஸ்கேன் எடுத்த அன்றே தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்குச் சொல்லிவிடு, கண்ணம்மா.

அன்புடன்,
அம்மா