கம்போடியத் தேர்தல் வெறும் கண்துடைப்பா?

ஆசிரியருக்கு வணக்கம். கம்போடியா குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அங்கே தேர்தல் வெறும் கண்துடைப்பு என்று முடித்துவிட்டது. அப்படிச் சொன்னால் பாதி விஷயம் விட்டுப்போகிறது, எந்தப் பக்கம் எவ்வளவு எதிர்ப்பு இருக்கிறது என்று ஆட்சியாளருக்குக் கணக்கெடுத்துக் கொடுப்பதே தேர்தல்தான். 2013 நாடாளுமன்றத் தேர்தலில் எதிர்க்கட்சி 123 இடங்களில் 55ஐப் பிடித்தது, 2017 ஜூன் உள்ளாட்சித் தேர்தலிலும் சுமார் 44 சதவீத வாக்கு வாங்கியது. அப்போதைய பிரதமர் ஹுன் சென்னுக்கு இதைவிடத் தெளிவாக எந்த உளவுத்துறை எச்சரித்திருக்கும்? அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்சியையே கலைத்தது. 2018 நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 125 இடங்களில் 125.

அப்போது நான் தலைநகர் புனோம் பென்னில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் வேலையில் இருந்தேன். வாக்களிக்க விருப்பமே இல்லாத டைலர்கள்கூட, விரலில் மை இல்லையென்றால் மறுநாள் யாராவது கேட்பார்களே என்று பயந்து போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். (அந்தத் தேர்தலில் செல்லாத வாக்குகள் மட்டும் 5.9 லட்சம், இரண்டாவது வந்த கட்சி வாங்கியதைவிட அதிகம்!) அப்புறம் 2023 தேர்தலுக்கு முன், வாக்களிக்காதவர் பின்னாளில் வேட்பாளராக நிற்க முடியாதபடி சட்டத்தையே திருத்திவிட்டார்கள். ஆகவே இப்படிப்பட்ட தேர்தல்களுக்கு 'அமோக வெற்றி' என்று தலைப்புப் போடுவதை விட்டுவிட்டு, போட்டியிட விடாமல் தடுக்கப்பட்டது யார், செல்லாத வாக்கு எத்தனை என்ற இரண்டையும் செய்தியின் முதல் பத்தியிலேயே போடுங்கள்.

- ஒரு வாசகர், திருப்பூர்