கருப்பட்டி கரையும் முன்னால்

அன்புள்ள ரெட்டைவாலு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கருப்பட்டியும் பனங்கற்கண்டும் ஆன்லைனில் விற்கப் போகிறாய் என்று படித்ததுமே பதில் எழுத உட்கார்ந்தேன், தீபாவளி ஆர்டர் இழுத்துக்கொண்டு போய்விட்டது. லேபிள் பிரிண்டர் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பிரிண்டர் கிடக்கட்டும்டி, கையால் விலாசம் எழுதி ஒட்டினாலும் பார்சல் போய்ச் சேரும். நீ கேட்காத ஒன்றைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்: நீயோ உன் போனோ திடீரென்று முடங்கினால் கடை எப்படி ஓடும் என்று.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது என் சேலைக் கடை ஆறு நாள் செத்துக் கிடந்ததை உன்னிடம் அரைகுறையாகத்தான் சொன்னேன். அடுத்த இரண்டு வாரத்திலேயே உங்கள் பக்கம் கொட்டித் தீர்த்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து, தாமிரபரணி தெருவுக்குள் வந்த பிறகு என் கதையைச் சொல்லவே கூச்சமாக இருந்தது.

3ஆம் தேதி ராத்திரி முழுக்க மழை. 4ஆம் தேதி விடிகாலையில் கரண்ட் போனது. வேளச்சேரியில் கீழ்வீடு என்றால் என்ன கதி என்று உனக்கே தெரியும், எட்டு மணிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த கண்டாங்கிச் சேலைகளை அள்ளி மேலே போடும் அவசரத்தில் இடுப்பில் செருகியிருந்த போன் தண்ணீரில் விழுந்தது. சேலை நாற்பது போனதுகூடப் பரவாயில்லை, அந்தப் போன் போனதுதான் அடி. யார் என்ன கேட்டார்கள், விலாசம் என்ன, பணம் போட்டார்களா, எல்லாமே வாட்ஸ்அப் பேச்சுக்குள். பேங்க், இன்ஸ்டாகிராம், நான் விற்கிற தளம், எதற்கும் ஓடிபி அந்த ஒரே நம்பருக்கு.

தண்ணீர் வடிந்து போன் கடை திறந்ததும் ஓடிப்போய் அதே நம்பருக்குப் புது சிம் வாங்கினேன். முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்றார் கடைக்காரர். மோசடிக்காரன் நம் நம்பரில் சிம் எடுத்துப் பேங்க்கைத் துடைத்துவிடக் கூடாது என்று வைத்த விதி, நல்ல விதிதான், ஆனால் அன்றைக்கு என் பணத்தை நானே தொட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குள் பணம் அனுப்பிவிட்டுக் காத்திருந்த பதினேழு பேரில் ஒருத்தி என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் "ஏமாற்றுக்காரி" என்று எழுதிவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்திருப்பேன். அந்தத் தளத்துக்காரர்கள் மேல்தான் ஆத்திரம். குறித்த நாளில் சரக்கு அனுப்பவில்லை என்று ஆர்டர்களை ரத்து செய்து, அபராதம் போட்டு, ரேட்டிங்கையும் குறைத்தார்கள். வீட்டுக்குள் வெள்ளம் என்று மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் ஒரே பதில்தான் வந்தது.

அப்புறம் எல்லோரையும் போல பவர் பேங்க், இன்வெர்ட்டர் என்று வாங்கிக் குவித்தேன். நான் இல்லாமல் கடை நாலு நாள் ஓடுமா என்று யோசிக்க எனக்கு இன்னும் ஆறு மாதம் ஆனது.

இப்போது கோயம்புத்தூரில் இருக்கும் நாத்தனாரின் லேப்டாப்பில் என் கடை வாட்ஸ்அப்பை இணைத்து வைத்திருக்கிறேன். என் போன் அணைந்தே கிடந்தாலும் பதினான்கு நாள் வரை அதில் ஓடும். வேண்டுமென்றே வேறு ஊர்க்காரியாகப் பிடித்தேன், ஒரே மழை இரண்டு பேரையும் முடக்கக் கூடாதில்லையா? "இன்ன காரணத்தால் தாமதமாகும், பணம் திரும்ப வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று ஒரு செய்தியை எழுதியே கொடுத்துவிட்டேன், அவள் அனுப்பினால் போதும். தினமும் சாயங்காலம் அன்றைய ஆர்டர்களை ஒரு நீள நோட்டில் எழுதிப் படமெடுத்து அவளுக்கு அனுப்புகிறேன். சிரிக்காதே, நம் தெருமுனை அண்ணாச்சி கணக்கு நோட்டுதான், நனையாத இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். ஓடிபி வராதபோது உள்ளே போக இன்ஸ்டாகிராம் தருகிற பேக்கப் கோடுகள், வாட்ஸ்அப்பில் நானே வைத்துக்கொண்ட ஆறு இலக்க ரகசிய எண் எல்லாம் ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு பீரோ மேல்தட்டில்.

போன வருஷம் அம்மா விழுந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுதான் இதன் அருமை தெரிந்தது. நாத்தனார் பதில் சொன்னாள், மாடிவீட்டுக் காலேஜ் பையன் பார்சல் போட்டான், வாடிக்கையாளர் யாருக்கும் நான் இல்லாததே தெரியவில்லை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது போ.

பண விஷயம். 2025 மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுக்க யுபிஐ படுத்தது நினைவிருக்கும், அதெல்லாம் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். பயப்பட வேண்டியது அக்கவுன்ட் முடங்குவதற்கு. எனக்குத் தெரிந்த ஒரு பாத்திரக்காரருக்கு யாரோ ஒரு வாடிக்கையாளர் அனுப்பிய பணம் எங்கோ வடக்கே நடந்த மோசடியிலிருந்து கைமாறி வந்த பணமாம், சைபர் போலீஸ் சொல்லி அக்கவுன்ட்டையே நிறுத்திவிட்டார்கள். பில், கூரியர் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் காட்டி மீள ஒன்றரை மாதம். நீ இரண்டாவதாக வேறொரு பேங்கில் அக்கவுன்ட் திற, ஒரு மாதக் கொள்முதலுக்கான பணம் அதில் இருக்கட்டும், ஐந்நூறு ரூபாய் விற்பனைக்கும் பில் போடு.

இன்ஷூரன்ஸ். வீட்டுப் பாலிசியில் வியாபாரச் சரக்கு சேராது, நான் சேரும் என்று நம்பி ஏமாந்தேன். பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று நம்மைப் போன்ற சின்ன வியாபாரத்துக்கே ஒரு பாலிசி இருக்கிறது, புயல் வெள்ளம் அதில் வரும், விசாரித்துப் போடு. கொள்முதல் ரசீதும் சரக்கின் படமும் இல்லாவிட்டால் அவர்களும் என்ன செய்வார்கள்?

உன் சரக்கு என் சேலையைவிட மோசம். சேலையையாவது துவைத்துப் பாதி விலைக்கு விற்கலாம், கருப்பட்டிக்கு வெள்ளம்கூட வேண்டாம், ஈரக்காற்று பட்டாலே கசிந்துவிடும். தரையில் வைக்காதே, ஐப்பசி கார்த்திகையில் அதிகம் வாங்கி அடுக்காதே. ஆரஞ்சு அலர்ட் என்று செய்தி வந்த அன்றே, கரண்ட் இருக்கும்போதே, தளத்தில் ஆர்டர் எடுப்பதை நிறுத்தி வை. இரண்டு நாள் விற்பனை போனால் போகட்டும்.

உனக்கு லேப்டாப் துணைக்கு ஆள் கிடைக்காவிட்டால் நான் இருக்கிறேன். நெல்லையும் சென்னையும் ஒரே நாளில் மூழ்கினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். உன் முட்டிவலி எப்படி இருக்கிறது, அந்தத் தைலம் கேட்டதா இல்லையா என்று எழுதவே இல்லை. முதல் ஆர்டர் என்னுடையது, உடன்குடிக் கருப்பட்டி இரண்டு கிலோ, பில்லோடு அனுப்பு.

உன்,
முட்டைக்கண்ணி